ஒரு விரல் ஆழம்

விதை முளைக்கவில்லை என்றால் நம் ஊரில் முதலில் ஆளைத் தேடுகிறார்கள். மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லை.

போன வாரம் கீதா போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு மேஸ்திரியாக வந்திருக்கும் பெண். டிப்ளமோ படித்தவள். "அக்கா, இந்த வருசம் காஸ்மாஸ் பூ வரவே இல்லீங்க. இந்த எடத்துக்கே ராசியில்லைன்னு ஆபீஸ்ல பேசறாங்க. இனிமேல் பூத்த தொட்டியா வெளியில இருந்து எறக்கிக்கலாம்னு சொல்றாங்க" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தோண்டிப் பார்த்தியா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள். "போனை வெச்சுட்டுப் போய் முதல்ல தோண்டு" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். தோண்டினால் பாத்தியில் விதையே இல்லையாம். ஓரத்தில் எறும்புப் புற்று. அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறது. "இது போதுமா உன் ஆபீசுக்கு?" என்றேன். சிரித்தாள். அப்புறம், ராசி என்ற ஒரு சொல்லுக்கு நான் ஏன் அப்படி எரிந்து விழுந்தேன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எடப்பாடிக்காரி. தறி வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகிச் சேலம் வந்ததும் அஸ்தம்பட்டியில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழெட்டு வருஷம் பை நிரப்பி, நாற்றுப் பிடுங்கி, தண்ணீர் ஊற்றிப் பழகினேன். நடுவில் ஒரு சான்றிதழ் படிப்பும் முடித்தேன். படித்துத் தெரிந்துகொண்டதைவிட, விதை வாங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து சண்டை போட்டவர்களிடம் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

ஒருவர் காசித்தும்பை விதையைப் பச்சைப்பயறு மாதிரி ஊறவைத்துத் துணியில் முடிந்து தொங்கவிட்டிருக்கிறார். இரண்டு நாள் மறந்துவிட்டார். திறந்தால் நாற்றம். ஓர் அம்மா வந்து, "உங்க காஸ்மாஸ் ஒண்ணுகூட வரலை. கொத்தமல்லி மாதிரி என்னமோ களைதான் மண்டிக் கிடந்துச்சு, பிடுங்கிப் போட்டேன்" என்றார். காஸ்மாஸ் நாற்றே கொத்தமல்லி மாதிரிதான் இருக்கும் என்று நான் சொன்னதும் முகம் தொங்கிப்போயிற்று. இன்னொருவர் ஜினியாவை வெயில் எட்டாத சன்னல் திட்டில் வைத்துவிட்டு, குச்சி குச்சியாக நீள்கிறதே என்று விதையைக் குறை சொன்னார். எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: "எனக்குக் கைராசி இல்லீங்க." எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. கூடச் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஏனென்றால் இந்த ஒரு வருஷப் பூக்களைப் போல எளிதாக வருகிறவை உலகத்தில் வேறில்லை. ஆயுத பூஜை முடிந்து காய்ந்த மாலையைக் கொல்லைக் குப்பையில் வீசுகிறோம். அடுத்த மழைக்கு அங்கே செண்டுமல்லி முளைத்து நிற்கிறது. கோழிக்கொண்டை வாசற்படி வெடிப்பில் வருகிறது. குப்பையில் விதைத்தவர் யார்? வெடிப்பில் விதைத்தவருக்கு என்ன ராசி? வேண்டியது வெயில், வடிகிற மண், அளவான ஈரம். அதற்கு மேல் மனிதர் செய்வதெல்லாம் பெரும்பாலும் கெடுக்கிற காரியம்.

அப்புறம் புதுச்சத்திரத்துப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்ட மேஸ்திரியாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ரோட்டில் போகிற பஸ்காரர்கள் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அதுதான் தோட்டத்துக்கு நிர்வாகம் வைத்த வேலை. ஜனவரியில் ஆண்டு விழா. அன்றைக்கு வாசலிலிருந்து மேடை வரைக்கும் பூ நிற்க வேண்டும். அதற்கு ஐப்பசியில் விதைப்போம்.

என் முறை இதுதான். செம்மண், மணல், மக்கிய சாணி, கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். எல்லாவற்றையும் சலித்துக் கலந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தி எடுப்போம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் விதை அழுகும், அதற்காக. முதல் நாளே பாத்தியை நனைத்து விடுவோம். கோழிக்கொண்டை விதை கடுகைவிடப் பொடிசு. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவி, மேலே மண் போடாமல் உள்ளங்கையால் லேசாகத் தட்டி விட்டால் போதும். செண்டுமல்லி விதை கறுப்புக் குச்சி, நுனியில் வெளிர்வால். அதைப் படுக்கப் போட்டு மறைகிற அளவுக்கு மண். ஜினியா, காஸ்மாஸ் இரண்டும் இடம் மாற்றினால் முகம் கோணும், பூக்க வேண்டிய இடத்திலேயே போட வேண்டும். விதை எவ்வளவு தடிமனோ அதைப்போல இரண்டு மடங்கு மண், அவ்வளவுதான் கணக்கு. பூவாளியில் தண்ணீர். மேலே ஈரச் சாக்கு. மூன்றாம் நாளிலிருந்து காலையில் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் முளை தெரிந்ததும் அந்த நிமிஷமே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டு கழுத்தொடிந்து விழும்.

அங்கே எனக்கு மேலே ஒரு மேனேஜர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து வந்தவர். இடுப்பில் எப்போதும் ஸ்டீல் டேப் தொங்கும். ஒரு நாளும் குரல் உயர்த்த மாட்டார். கூட்டுகிற அம்மாவுக்கும் "வாங்க, போங்க"தான். திட்டுவதென்றாலும், "ஏன் சாமி, இப்படிப் பண்ணலாமுங்களா?" என்று தேனில் தோய்த்துத்தான் வரும். கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம். இந்த மாதிரி ஆளிடம் என்ன செய்வது? எல்லா வேலைக்கும் ஒரு தாளில் முறை எழுதி, லேமினேஷன் போட்டு, நாலு மூலையிலும் ஸ்குரூ அடித்துச் சுவரில் மாட்டிவிடுவார். அவர் அதைச் சீட்டு என்பார். தண்ணீர்த் தொட்டி கழுவச் சீட்டு, மண்வெட்டி துடைக்கச் சீட்டு. சீட்டில் இருந்தால் சரி, சீட்டில் இல்லாவிட்டால் அப்படி ஒரு விஷயமே கிடையாது.

ஒரு வருஷம் விதைப்பு நேரத்தில் என் மகளுக்குப் பிரசவம். எடப்பாடி போய்விட்டேன். பத்து நாள் லீவு. பாத்தியெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது மேனேஜர் போன். "மேஸ்திரிம்மா, விதைக்கு ஒரு சீட்டுப் போட்டுடலாமுங்க. ஆழம் எவ்வளவுங்க?" உள்ளே மகள் வலியில் கத்துகிறாள். "எந்த விதையும் ஒரு விரலுக்கு மேல போகக் கூடாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

நான் தறி வீட்டுக்காரி. எங்கள் பேச்சில் ஒரு விரல் என்றால் விரலின் அகலம். சேலைக்கு ஒரு விரல் கரை, இரண்டு விரல் கரை என்றுதான் பேசுவோம். அதுவும் எல்லைதான், உண்மையில் அரை விரல்கூட வேண்டாம். அவர் என்ன எழுதினார் தெரியுமா? 'விதை ஆழம்: ஒரு விரல்.' அவ்வளவுதான். மேலே போகக் கூடாது என்பதைக் காணோம். டேப் இல்லாமல் தூங்காத மனிதர், அந்த ஒரு நாள் மட்டும் டேப்பை விட்டுவிட்டார். கருவிகள் வைக்கும் ஷெட் கதவில் சீட்டை மாட்டியாயிற்று. தோட்டத்துப் பெண்கள் நாலு பேரும் சீட்டைப் பார்த்து ஆட்காட்டி விரலை அடிவரைக்கும் மண்ணில் குத்தி, குழிக்குள் விதையைப் போட்டு மூடினார்கள். கோழிக்கொண்டையையும் அப்படியே! மறுநாள் பெய்த மழையில் மேல்மண் இறுகிப் பலகையாகிவிட்டது.

லீவு முடிந்து வந்து பார்த்தால் பாத்தி பாத்தியாக வெறும் மண். ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேலேதான் இருந்தது.

மேனேஜர் மெதுவாக வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேஸ்திரிம்மா. அன்னைக்கு முதல் கை பழனியம்மா வெச்சுட்டாங்களாமுங்க. எனக்கு அதிலெல்லாம் பெரிசா நம்பிக்கை இல்லீங்க. ஆனா மத்தவங்க சங்கடப்படறாங்க. அதான், அவங்கள ஹாஸ்டல் கிச்சனுக்கு மாத்திட்டேனுங்க, பாத்திரம் கழுவ."

பழனியம்மா அந்த வருஷம்தான் சேர்ந்தவள். புருஷன் போர்வெல் வண்டியில் வெளி மாநிலம் போன இடத்தில் இறந்துபோனான். ஒரே மகள், நாலாவது படிக்கிறாள். தோட்டத்து வேலை ஐந்து மணிக்கு முடியும், மகள் வீட்டுக்கு வரும்போது தானும் போய்விடலாம் என்பதற்காகவே இங்கே வந்து சேர்ந்தாள். கிச்சனில் ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிய ஒன்பது ஆகும். அதுவரை ஒன்பது வயசுப் பெண் தனியாக இருக்க வேண்டும். மூன்று நாள் போய்விட்டு நின்றுவிட்டாளாம்.

நான் ஒரு பழைய கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியைத் தோண்டினேன். விரல் குழி ஒவ்வொன்றும் மூன்று அங்குலம். ஜினியா முளைத்திருந்தது! முளைத்து, வெள்ளை வெளேரென்று மேலே வர வழி தேடி, வளைந்து வளைந்து ஏறி, இறுகிய மண்ணில் முட்டி அங்கேயே செத்திருந்தது. கோழிக்கொண்டை இருந்த சுவடே இல்லை. விதை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பக்கத்தில் நின்ற சரோஜா, தோட்டத்து ஆட்களில் மூத்தவள், மெல்ல வாயைத் திறந்தாள். "அக்கா, பழனியம்மா அன்னைக்கே கேட்டாளுங்க. 'எங்கூர்ல எள்ளை மேலாலதான் தூவுவோம், இத்தினியூண்டு விதைக்கு இவ்வளவு ஆழமுங்களா'ன்னு. சாருதான், 'சீட்டுல இருக்குதுங்களே சாமி'ன்னுட்டாரு."

"அப்பறம் ஏன்டி கையைக் குத்தம் சொன்னீங்க?"

சரோஜா குனிந்து அடுத்த பாத்தியைத் தோண்டத் தொடங்கினாள்.

செத்த முளைகளை ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய் மேசையில் வைத்தேன். அவர் டேப்பை எடுத்து ஒரு முளையின் நீளத்தை அளந்தார். ஆமாம், அளந்தார். பிறகு, "சீட்டுல நீங்க சொன்னதைத்தானுங்களே எழுதினேன்" என்றார்.

"மேல போகக் கூடாதுன்னு சொன்னேனுங்க. சரி, விரல்னு சொன்னது என் தப்பு. நம்ம ரெண்டு பேரு தப்புக்கு அவ எதுக்குங்க போகணும்?"

"அப்படி இல்லீங்க. பட்டறையில ஒரு வண்டிக்குப் பாடி கட்டறதுன்னாக்கூட முதல் போல்ட்டு ராசியான ஆளுதானுங்க போடுவாங்க. ஒரு மனத் திருப்திங்க. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அவங்களுக்குத் தனியா ஒரு பாத்தி குடுத்துப் பார்க்கலாமுங்க. வந்துச்சுன்னா யாரும் பேச மாட்டாங்க."

அவர் அதை நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவ கையை எதுக்குங்க சோதிக்கணும்? உங்க கையைச் சோதிச்சோமா? என் கையைச் சோதிச்சோமா? எங்கூட்டுக்காரரு போயி ஒன்பது வருசம் ஆச்சுங்க சார். இத்தனை வருசம் இங்க முதல் விதை போட்டது இந்தக் கைதானுங்க!"

"நீங்க வேறங்க மேஸ்திரிம்மா" என்றார்.

நான் எப்படி வேறு? என் கையில் வருகைப் பதிவேடு இருந்தது. அதுதான் வேறு. பதிவேடு வைத்திருக்கும் கைக்கு ராசி பார்க்க யாருக்கும் தைரியம் வராது.

கடைசியில், பழனியம்மா தோட்டத்துக்குத் திரும்பி வராவிட்டால் நான் ஒரு விதைகூடப் போட மாட்டேன் என்று சொன்னேன். ஆண்டு விழா நெருங்குகிற பயம் அவருக்கு. "சரிங்க, கூப்பிட்டுக்குங்க" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலமே பழனியம்மா வீட்டுக்குப் போனேன்.

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது, சீட்டினுடையது, மேனேஜரிடம் சண்டை போட்டுச் சரி செய்துவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பின்னலை முடிகிற வரைக்கும் அவள் நிமிரவில்லை.

"எங்க வெச்சு அக்கா சொன்னீங்க?"

"மேனேஜர் ரூம்ல."

"என்னையப் பத்திப் பேசுனது ரூமுக்குள்ள இல்லீங்க அக்கா. எல்லாரும் கேக்கத்தான் பேசுனாங்க. எம்புள்ள படிக்கிற எடம் வரைக்கும் வந்துருச்சு. இவகிட்ட ஒரு பொண்ணு, உங்கம்மா தொட்டா ஒண்ணும் வெளங்காதாமேன்னு கேட்டிருக்குது. இவ ரெண்டு நாளா என் கையால சோறு போட்டா முழுங்க மாட்டாம முழுங்கறா." மகளின் முதுகைத் தட்டி உள்ளே அனுப்பினாள். "எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. வீட்டுல துளசிக்குத் தண்ணி ஊத்தக்கூடக் கை கூசுது. நீங்க போய்ட்டு வாங்க. நான் வாரதா இல்லீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. மேனேஜர் மேல் இருந்த கோபம் பாதி என் பக்கம் திரும்பியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தப்பை ஒப்புக்கொண்டவள் நான். மேஸ்திரி என்ற பெயர் கெடக் கூடாது என்றுதானே உள்ளே போய்ச் சொன்னேன்? அந்தக் கௌரவத்துக்கு அவள் பிள்ளை சோறு விழுங்க முடியாமல் தவிக்கிறது.

மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும் நேரத்துக்குத் தோட்டத்து ஆட்கள், கூட்டுகிறவர்கள், கிச்சன் பெண்கள், வேன் டிரைவர்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். மேனேஜரும் நின்றார். நான் பதிவேட்டை மூடிவிட்டு, செத்த முளைகளைக் கையில் எடுத்துக் காட்டினேன். "இந்த விதை முளைச்சிருக்குது. எல்லாரும் பாருங்க. முளைச்சதைக் கொன்னது ஆழம். ஆழம் எவ்வளவுன்னு தப்பாச் சொன்னது நான். சரியாக் கேட்ட ஒரே ஆளு பழனியம்மா. அவ கையைக் குத்தம் சொன்னவங்க யாரா இருந்தாலும் அது அநியாயம். இதை அவங்கவங்க ஊட்டுல போய்ச் சொல்லுங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககிட்டயும் சொல்லுங்க" என்றேன். ஒரு டிரைவர் மட்டும் கிட்டே வந்து முளையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்க" என்றார்.

செய்தி மத்தியானத்துக்குள் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் பழனியம்மா வந்தாள். நேராகப் போய் மண்வெட்டியை எடுத்தாள். பாத்தியைக் கொத்தி மறுபடி சமன் செய்தோம். கோழிக்கொண்டை விதையில் மணலைக் கலந்து எள்ளுத் தூவுகிற மாதிரி அவளே தூவினாள். முதலில் கை தயங்கியதை நான் பார்த்தேன். இரண்டாவது பாத்தியில் தயங்கவில்லை. ஜினியாவையும் காஸ்மாஸையும் சரோஜாவும் மற்ற இருவரும் போட்டார்கள். இந்தப் பாத்தி யாருடையது, அந்தப் பாத்தி யாருடையது என்று பிரித்து வைக்க நான் விடவில்லை.

ஆறாம் நாள் காலையில் சாக்கைத் தூக்கினால் பாத்தி முழுக்கச் செக்கச்செவேலென்று பொடி முளை. கோழிக்கொண்டைக்குத் தண்டே சிவப்பு. சரோஜா கையைத் தட்டினாள். "பாருங்க அக்கா, பழனியம்மா கைராசியை!" கூட இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் விளங்காத கை, இன்றைக்கு ராசியான கை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா பழனியம்மா, உங்களுக்கும் கைராசி இருக்குதுங்க சாமி. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்."

பழனியம்மா சாக்கை மடித்துக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கைராசியெல்லாம் வேண்டாமுங்க சார். இன்னைக்கு இருக்குதுன்னு நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஒரு பாத்தி வராதப்ப இல்லைன்னு சொல்லுவீங்க. ஆழமில்லாம மேலாலயே போட்டோம், வந்துருச்சு. அந்தச் சீட்டு இன்னும் கதவுலதான் தொங்குது. அதை முதல்ல கழட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஷெட்டுக்குள் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.